இருபத்து மூன்றாம் கொக்கி

எலும்பு நலக் கழகத்தின் கட்டடத்துக்குள் நுழைபவர் எவராயினும் நிமிர்ந்து நுழைய வேண்டும். வாசலில் நிற்கும் காவலாளியிடம் தடி கிடையாது, துப்பாக்கி கிடையாது. கொத்தனார் வைத்திருப்பதுபோல் தூக்குக்குண்டு ஒன்று உண்டு. வருபவரின் பிடரிக்குப் பின்னால் நூலைப் பிடித்து, குண்டு குதிகாலுக்கு நேராகத் தொங்குகிறதா என்று பார்ப்பார். நேராக இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போய் நேராகிவிட்டு வரலாம். எலும்பு நோய்க்கு யோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கூன் விழுந்தவர்கள் என்பதால், கழகத்தில் கூட்டம் எப்போதும் குறைவாகவே இருந்தது. கூட்டம் குறைந்ததை மக்களின் எலும்பு நலம் பெருகியதற்கு அடையாளம் என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள்.

அந்த வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தையற்காரர் வந்து நின்றார். தெருவில் அவருக்குப் பெயர் அரையங்குலம். ஒரு சட்டையில் அரை அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ அவருக்குச் சோறு இறங்காது. வாடிக்கையாளரே 'பரவாயில்ல, விடுங்க' என்றாலும் விடமாட்டார். பிரித்துத் தைத்துத்தான் கொடுப்பார். அவர் கையில் ஒரு அஞ்சலட்டை இருந்தது. 'தங்கள் குடும்ப உறுப்பினர் காட்சிக்குத் தயார் நிலையில் உள்ளார். பார்வை நேரம் பத்து முதல் நான்கு வரை' என்று அச்சடித்திருந்தது. உறுப்பினர் என்று அட்டை சொன்னது அவருடைய மனைவியை. அவள் இறந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். அவள் இறப்பதற்கு ஆறு வருஷம் முன்னால் கழகத்தார் கடைத்தெருவில் இலவச எலும்பு முகாம் போட்டார்கள். குதிகாலை ஓர் இயந்திரத்துக்குள் வைத்தால் அது எலும்பின் அடர்த்தியைச் சொல்லும். அவளுக்குத் தேய்மானம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி, கால்சியம் மாத்திரை ஒரு டப்பா கொடுத்து, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு டப்பா கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றார்கள், இன்னொரு படிவம். அதிலும் அவளே கையெழுத்துப் போட்டாள். இரண்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு புதையல் எடுத்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள்.

படிவத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் சில வரிகள் இருந்தன. உறுப்பினரின் மறைவுக்குப் பின் அன்னாரின் எலும்புக்கூடு கழகத்தின் கண்காட்சிக் கூடத்துக்குச் சொந்தம் என்றன அவை. அவளுக்கு மூக்குக் கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் கோர்க்கச் சிரமம். அதை எங்கே படிக்கப் போகிறாள்? ஐந்து நாள் காய்ச்சலில் அவள் போனபோது, சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே கழகத்தின் வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இடுகாட்டில் குழி வெட்டியாகிவிட்டது, பெயர் வெட்டிய கல்லும் வந்துவிட்டது. படுப்பதற்கு ஆள்தான் இல்லை. குழியை மூடிவிட்டு, வெறும் மண்ணின் தலைமாட்டில் கல்லை நட்டுவிட்டு அப்பாவும் மகளும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மகளுக்கு இருபது வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அந்தக் கல்லைப் பார்க்க அவள் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை. ஆனால் ஒரு கனவு அவளை விடாமல் பிடித்துக்கொண்டது.

“அம்மா நின்னுக்கிட்டே இருக்காங்கப்பா,” என்பாள் காலையில், முகம் கழுவாமலே. “கூப்பிட்டா திரும்பிப் பாக்கறாங்க. ஆனா உக்கார மாட்டேங்கறாங்க. யாரோ விட மாட்டேங்கற மாதிரி.”

அரையங்குலத்தின் கடையில் இஸ்திரி மேசை அவர் மனைவியுடையது. இஸ்திரியை உட்கார்ந்து போட முடியாது. இருபத்திரண்டு வருஷம் அவள் அந்த மேசை முன்னால் நின்றாள். படுக்கப் போகும்போது, “அப்பாடா, இதுக்குத்தான் நாள் முழுக்கக் காத்துக்கிட்டிருந்தேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். அப்படிப்பட்டவளைச் செத்த பிறகும் நிற்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் அவர் வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிடுவார். அஞ்சலட்டை வந்த அன்று மகளிடம் ஒரு வார்த்தை கொடுத்தார்.

“அம்மாவைக் கூட்டிட்டு வந்து படுக்க வெச்சிடறேம்மா. நான் பாத்துக்கறேன்.”

கண்காட்சிக் கூடம் நீளமான, சன்னல் இல்லாத அறை. கூரையிலிருந்து நாற்பது கொக்கிகள். முப்பத்தொன்பதில் ஆட்கள் தொங்கினார்கள். ஆட்கள் என்று சொல்வதா வேண்டாமா என்று எனக்கும் தெரியவில்லை. உச்சி மண்டையில் திருகாணி போட்டு, முதுகுத்தண்டுக்குள் கம்பி ஓட்டி, மூட்டுக்கு மூட்டு மெல்லிய கம்பியால் கட்டி, பாதம் தரையை லேசாகத் தொடும்படி தொங்கவிட்டிருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் கழகத்தின் தாரக மந்திரம்: 'நிமிர்ந்து நில்.' அவர்களுக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை. அரையங்குலம் கதவைத் திறந்ததும் உள்ளே புகுந்த காற்றில் முப்பத்தொன்பது பேரும் மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார்கள், யாரோ வீட்டிலிருந்து கூப்பிட வந்துவிட்டதுபோல. வந்தது தங்களுக்கு இல்லை என்று தெரிந்ததும் மெதுவாக மறுபடி திரும்பிக்கொண்டார்கள்.

கொக்கியின் எண்ணைக் கேட்காமலே அவளைக் கண்டுபிடித்துவிட்டார். கல்யாணமான புதிதில் துணிக் கட்டை அடுக்க ஏணியில் ஏறி விழுந்து அவளுக்கு இடது காறை எலும்பு முறிந்தது. வைத்தியர் துணியால் தூக்குக் கட்டிவிட்டார். எலும்பு தானாகக் கூடிக்கொண்டது. கூடிய இடத்தில் முடிச்சு மாதிரி தடித்து, அந்தத் தோள் அரை அங்குலம் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குத் தைத்த ஒவ்வொரு சட்டைக்கும் இடது தோளை அரை அங்குலம் இறக்கித்தான் வெட்டுவார். இருபத்து மூன்றாம் கொக்கியில் தொங்கியவளுக்கு இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. அவர் அந்த முடிச்சின் மேல் விரலை வைத்தார். ஜில்லென்று இருந்தது.

“தொடக் கூடாது,” என்றார் வாசலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர். அவரைக் கழகத்தில் முத்திரை என்று அழைப்பார்கள். தினமும் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கூடத்தில் உள்ள மண்டையோடுகளை எண்ணி, 'முப்பத்தொன்பது, சரி' என்று எழுதி முத்திரை குத்துவது அவர் வேலை. மண்டை இருந்தால் ஆள் இருக்கிறார் என்பது கழகத்தின் கணக்கு.

“இவ என் சம்சாரங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“கூட்டிட்டுப் போறதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. மூணாவது மாடி, உறவுச் சரிபார்ப்பு. லிஃப்ட் கிடையாது. படி ஏறினா எலும்புக்கு நல்லது.”

“பக்கத்துக் கொக்கி காலியா இருக்கே?”

முத்திரை பதிவேட்டைப் புரட்டினார். “இருபத்துநாலு. அது உங்களுக்கு. உங்க பேர்லயும் டப்பா வாங்கியிருக்காங்களே.”

“நான் கையெழுத்துப் போடலையே.”

“குடும்பத்துல ஒருத்தர் போட்டா போதும். குடுக்கறதுக்கு உறவே போதும் சார். வாங்கறதுக்குத்தான் சான்று வேணும்.”

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக இருக்கிறதே என்று எண்ணியபடி அரையங்குலம் மூன்று மாடி ஏறினார்.

உறவுச் சரிபார்ப்பு அதிகாரி கண்ணியமான மனிதர். அவர் அறையில் முதுகு சாய்க்கும் நாற்காலி ஒன்றுகூட இல்லை; முக்காலிகள்தான். கல்யாணப் பத்திரம், புகைப்படம், மகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

“கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?”

“இருபத்துநாலு ஆகுதுங்க.”

“அதுதான் சிக்கல்,” என்றார் அதிகாரி வருத்தத்தோடு. “எலும்பு கல்லு இல்ல. உயிருள்ள சமாச்சாரம். உள்ளுக்குள்ள ஒரு வகை செல் பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே போகும். பின்னாடியே இன்னொரு வகை வந்து புதுசு கட்டிக்கிட்டே வரும். பத்து வருஷத்துல மொத்தமும் மாறிடும். இது விஞ்ஞானம், நான் சொல்றது இல்ல. ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கறேங்க.”

“அப்ப அந்தம்மாவைக் கல்யாணம் பண்ணின எலும்பு இன்னிக்கு உங்க உடம்புல இல்ல. ரெண்டு தடவை மாறியாச்சு. அவங்களைக் கட்டினவர் வேற ஒருத்தர். அவரை வரச் சொல்லுங்க, உடனே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்.”

“அவரும் நான்தாங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

அரையங்குலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சட்டம் தெரியாது, ஆனால் வெட்டுத்துணி எங்கே இடிக்கிறது என்று தெரியும். “அப்படிப் பாத்தா அவளும் மாறியிருப்பாளே. கையெழுத்துப் போட்டவ வேற, இங்க தொங்கறவ வேறன்னு ஆகாதா?”

“நல்ல கேள்வி,” என்று அதிகாரி மகிழ்ந்துபோனார். “ஆனா கையெழுத்துப் போட்ட ஆறாவது வருஷமே போயிட்டாங்க. பத்து வருஷம் இருந்திருந்தா உங்க வாதம் நிக்கும். அந்தம்மா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க.”

கீழே இறங்கி வந்தவரை முத்திரை ஏறிட்டுப் பார்த்தார். “கிடைக்கலையா?”

“நான் நான் இல்லைங்கறாங்க.”

“உயிரோட இருக்கறவங்க எலும்பு மாறிக்கிட்டே இருக்கும். செத்தவங்களோடது மாறாது. அதனாலதான் சார் கழகம் செத்தவங்களை மட்டும் நம்புது.” இதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். பூசாரிகளைப் பார்த்தாயிற்று, சாமியையே பார்த்துவிடுவோம் என்று அரையங்குலம் இயக்குநரைச் சந்திக்க மனுப் போட்டார். ஐந்து வாரம் கழித்து அழைப்பு வந்தது. கட்டடத்திலேயே முதுகு சாய்க்கும் நாற்காலி, அதுவும் மெத்தை வைத்தது, இயக்குநர் அறையில் ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் பாதி படுத்த நிலையில் இருந்தார். பொறுப்பின் பாரம் முதுகெலும்பில் இறங்கிவிட்டதாக மருத்துவர் சொல்லியிருந்தாராம்.

மனைவியைப் பற்றி இவர் பேச வாயெடுப்பதற்குள் இயக்குநர் ஆரம்பித்துவிட்டார்.

“எலும்புலேருந்து இந்தக் கழகம் கத்துக்கிட்டது ஒண்ணு உண்டு. ஒரு பக்கம் தின்னணும், ஒரு பக்கம் கட்டணும். ரெண்டும் சமமா நடந்தா அது ஆரோக்கியம். நான் பொறுப்புக்கு வந்து பதினோரு வருஷத்துல தின்கிற பணியை முழுசா முடிச்சிட்டோம். கட்டற பணிக்குக் குழு போட்டிருக்கேன். வெளியில இருக்கறவங்க பாதி வேலைதான் நடந்திருக்குன்னு குறை சொல்றாங்க. பாதி நடந்திருக்குன்னு பாராட்ட இங்க யாருக்கும் மனசு வரல.”

“ஐயா, என் சம்சாரம் இருபத்து மூணாம் நம்பர்…”

“இன்னொண்ணு. எலும்புக்கு உள்ளே பாத்தீங்கன்னா அது கெட்டியா இருக்காது. கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். அதனாலதான் அது லேசாவும் இருக்கு, பலமாவும் இருக்கு. எங்க நிர்வாகத்தையும் அந்த மாதிரிதான் அமைச்சிருக்கோம்.” அப்போதுதான் அவர் கண் இவருடைய கழுத்தில் தொங்கிய அளவு நாடாவில் விழுந்தது. “நீங்க என்ன, தையற்காரரா?”

“ஆமாங்க.”

“கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்தீங்க. அடுத்த வருஷக் கடைசியில மதிப்பீட்டுக் குழு வருது. கூடத்துல ஒரே தூசி. ஆளாளுக்கு ஒரு உறை தைச்சுப் போடணும். ஒரே அளவுல தைக்கக் கூடாது, அது இறந்தவங்களுக்கு அவமரியாதை. தனித்தனியா அளவெடுங்க. வாரத்துல ஒரு நாள் வாங்க, நிதானமா செய்யுங்க. குழு வந்துட்டுப் போனதும் முதல் இருபத்தைஞ்சு பேரையும் வெளியூர்க் கிளைகளுக்குப் பிரிச்சு அனுப்பிடுவோம். அதுக்குள்ள முடிச்சாப் போதும்.”

வெளியூர்க் கிளைகள் எத்தனை என்று அரையங்குலம் கேட்டார். தொண்ணூறு என்றார் இயக்குநர். பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார். குழு போட்டிருக்கிறோம் என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு அவள் தன் முழங்கை எலும்பைத் தடவிப் பார்த்தாள்.

“எலும்பு கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாறுதாப்பா? பழசு போய்ப் புதுசு வருது?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்ப நாமளும் அப்படியே பண்ணலாம்ல?”

பெற்ற பெண்ணாயிற்றே, அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அரையங்குலத்துக்குத் தையலோடு இன்னொரு கைவேலையும் உண்டு. கடைகளில் சட்டை மாட்டி நிறுத்துகிற ஆளுயரப் பொம்மைகளைக் காகிதக் கூழும் சுண்ணாம்புத் தூளும் வஜ்ஜிரப் பசையும் பிசைந்து அவரே செய்வார். அவர் செய்த பொம்மையின் தோளைத் தொட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு.

அடுத்த செவ்வாயிலிருந்து வேலை தொடங்கியது. உறைக்கு அளவெடுக்கிற சாக்கில் ஒவ்வொரு எலும்பாக அளந்து எழுதிக்கொள்வார். வீட்டில் அதே அளவில் செய்வார். மறுவாரம் கம்பியைத் தளர்த்தி அவளுடையதை எடுத்துத் துணிப்பையில் போட்டு, தான் செய்ததைக் கட்டிவிடுவார். முதலில் எடுத்தது காறை எலும்பை. அவளுடையதுதான் என்பதில் சந்தேகமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கினால்தான் அவருக்குக் கை ஓடும்.

உடம்பில் எலும்பு இருநூற்றாறு. வாரத்துக்கு மூன்று, நான்கு. கைவிரல், கால்விரல் வாரங்களில் ஏழெட்டு. காவலாளி வெளியே போகும்போதும் தூக்குக்குண்டைப் பிடிப்பாரே தவிர, பையை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. கழகத்துக்குள் இருப்பதை யாராவது விரும்பி வெளியே எடுத்துப் போவார்கள் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. தொடை எலும்பு கொண்டுபோன அன்று மட்டும், “வலப்பக்கம் சாயறீங்களே,” என்று நிறுத்தினார். மறுவாரத்திலிருந்து அரையங்குலம் இடது கையில் பெரிய கத்திரிக்கோலைப் பிடித்துச் சமன் செய்துகொண்டார்.

கடையில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் நீளமான பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தார். செவ்வாய் மாலைகளில் மகள் கடைக்கு வந்து, வந்த எலும்புகளை அதனதன் இடத்தில் வைப்பாள். மேலே வாடிக்கையாளர்கள் கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். கீழே அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் அந்த மாதங்களில் ஒரு அமைதி இருந்தது. வந்தவர்களும் காரணம் தெரியாமல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஆளில்லாத இஸ்திரி மேசைப் பக்கமிருந்து சில மாலைகளில் சூடான துணியின் வாசனை வந்தது. மகள் அதைச் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. இருவருக்கும் வந்தது என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

ஒருநாள் வலது மேற்கை எலும்பை மகள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இடது கையைவிட இது தடிமனா இருக்கேப்பா.”

“பாரம் விழற எடத்துல எலும்பு தடிச்சுக்குமாம். கழகத்துல படம் போட்டு மாட்டியிருக்காங்க.” அவர் அதை வாங்கித் துணியால் துடைத்தார். “இஸ்திரிப் பெட்டி வலது கைலதான் பிடிப்பா.”

அந்த எலும்பைச் செய்ய அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. இருபத்திரண்டு வருஷத்து வேலை அதில் ஏறியிருந்தது. அதைக் கூழில் கொண்டுவருவது லேசில்லை. அவளை நாள் முழுக்க நிற்க விடாமல் இருந்திருக்கலாம், நடுநடுவே உட்கார ஒரு முக்காலியாவது வாங்கிப் போட்டிருக்கலாம் என்று அந்த மூன்று வாரமும் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டி என்ன? அவள் கேட்டதும் இல்லை, அவருக்குத் தோன்றியதும் இல்லை.

இரண்டு பாதங்களும் முழங்கால்களும் வந்து சேர்ந்த வாரம் மகள் காலையில் வந்து சொன்னாள். “நேத்து அம்மா உக்காந்தாங்கப்பா. சும்மா, ஓரமா.”

கூடத்தில் மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் அரையங்குலம் உறைகள் தைத்துப் போட்டார். ஒருவர் அளவும் பிசகவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் உறைக்குள்ளிருந்து அவர்கள் இன்னும் வாசல் பக்கம் திரும்பினார்கள். நாளாக ஆக இருபத்து மூன்றாவது மட்டும் திரும்புவதை நிறுத்திக்கொண்டது. முத்திரை தன் மேசையில் இருந்தபடி அதைப் பார்த்தாரா இல்லையா என்று சொல்ல முடியாது. பத்துக்கும் நான்குக்கும் தலைகளை எண்ணி முத்திரை குத்தினார்.

மண்டையோட்டை அரையங்குலம் கடைசியாக வைத்திருந்தார். மதிப்பீட்டுக் குழு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய செவ்வாயன்று, முத்திரை நான்கு மணி எண்ணிக்கையை முடித்துக் கையெழுத்துப் போட மாடிக்குப் போன பத்து நிமிஷத்தில் திருகாணியைக் கழற்றினார். புதியதை மாட்டினார். பழையதைப் பஞ்சில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வாசலில் காவலாளி நூலைப் பிடித்துவிட்டு அசந்துபோனார்.

“இன்னிக்குத்தான் சார் நீங்க சரியா நேரா இருக்கீங்க.”

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அப்பாவும் மகளும் பெட்டியை இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அனுமதிச் சீட்டைக் காட்டச் சொன்னார் இடுகாட்டுக் காவலர். அவள் இறந்த அன்று வாங்கிய சீட்டு அப்படியே இருந்தது. எப்போதுவரை செல்லும் என்று எழுதச் சீட்டுக் கொடுத்த அலுவலகம் மறந்திருந்தது. ஒரு அலுவலகத்தின் அலட்சியத்தில் உடைந்ததை இன்னொரு அலுவலகத்தின் அலட்சியம் ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்குக் கீழே அவளை இறக்கினார்கள். மகள் குனிந்து மண்ணைத் தட்டிச் சமமாக்கினாள், போர்வையைச் சரிசெய்வதுபோல. பிறகு அழுதாள். இரண்டு வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை கழகத்துக்கு வர அரையங்குலத்துக்கு மனமில்லை. உறை தைத்தவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். குழுவில் மூன்று பேராசிரியர்கள். உறைகளைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். பிறகு ஒவ்வொரு எலும்புக்கூட்டின் குதிகாலையும் அடர்த்தி இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். இருபத்து மூன்று வந்ததும் இயந்திரம் நீளமாக ஒரு ஒலி எழுப்பியது. சுண்ணாம்பு ஆயிற்றே, எழுப்பாமல் என்ன செய்யும்? ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மகளைத் தனியாக விட்டுவிட்டுச் சிறைக்குப் போகப்போகிறோம் என்று அரையங்குலம் எண்ணினார். பெட்டியைத் தோண்டி எடுத்து மறுபடி தொங்கவிட்டுவிடுவார்களே என்றும் எண்ணினார். முன்னதைவிடப் பின்னதுதான் அவரை அதிகம் நடுக்கியது.

“உயிரோட இருந்தப்ப இந்தம்மாவுக்கு அளவு என்ன?” என்றார் பேராசிரியர்.

முத்திரை பதிவேட்டை விரித்தார். “தேய்மானம்னு எழுதியிருக்குங்க. ரொம்பக் கம்மி.”

“இப்ப நாலு மடங்கு.”

இயக்குநர்தான் முதலில் சுதாரித்தார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

“இதைத்தான் நான் பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டு வர்றேன்,” என்றார், குரல் தழுதழுக்க. “உயிரோட இருந்தவரைக்கும் தேஞ்சுக்கிட்டே போன எலும்பு, கழகத்துல வந்து சேர்ந்த பிறகு நாலு மடங்கு உறுதியாகியிருக்கு. உலகத்துல எந்த மருத்துவமனையும் இதைச் செய்யல. அவங்களெல்லாம் உயிரோட இருக்கறவங்களை வெச்சுக்கிட்டு நேரத்தை வீணாக்கறாங்க. நோயாளி நடக்கறார், விழறார், சொன்ன பேச்சு கேக்கறதில்ல. எங்க உறுப்பினர்கள் கேக்கறாங்க. இனிமே மக்கள் வயசாகி, தேஞ்சு, உடைஞ்சு கடைசியில எங்ககிட்ட வரணும்கற அவசியம் இல்ல. எவ்வளவு சீக்கிரம் வர்றாங்களோ அவ்வளவு நல்லது. அதுக்கு ஒரு திட்டம் வகுக்க இந்த மேடையிலேயே ஒரு குழு போடறேன்.”

பலத்த கைதட்டல். பேராசிரியர்களும் தட்டினார்கள். இருபத்து மூன்றாம் உறுப்பினரை மட்டும் கிளைக்கு அனுப்பாமல் தேசம் முழுக்கச் சுற்றுப்பயணம் அழைத்துப் போவது என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. இயக்குநர் அரையங்குலத்தைத் தட்டிக்கொடுத்து, அவருடைய காலிக் கொக்கியை எல்லோருக்கும் காட்டினார். அடுத்த சாதனை இங்கேதான் நிகழப்போகிறது என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒரு வாரம் கழிந்தது. மகளுக்குக் கனவு நின்றுவிட்டது. நண்பகல் சாப்பாட்டு வேளை, தெரு காலியாக இருந்தபோது, கடைக்கு முன்னால் முத்திரை வந்து நின்றார். அலுவலக அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. உள்ளே வந்து, கேட்காமலே கடையின் கதவைப் பாதி சாத்தினார். அரையங்குலம் அப்படியே தையல் இயந்திரத்தின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பதினாலு மாசமா நான் தலையை மட்டும் எண்ணலைங்க,” என்றார் முத்திரை.

அரையங்குலம் மேசைக்கு அடியில் பெட்டி இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

“மூணாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. கம்பியில வேற முடிச்சு போட்டிருந்தீங்க. எங்க ஆளுங்க முறுக்குவாங்க, நீங்க தையல் முடிச்சு போடறீங்க. எல்லாத்தையும் நான்தான் பிரிச்சு முறுக்கி வெச்சேன்.”

“எதுக்கு?” என்று கேட்டார் அரையங்குலம்.

முத்திரை வெட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தினமும் இரண்டு முறை முப்பத்தொன்பது என்று எழுதிய கை அது.

“பதினேழாம் நம்பர் எங்கப்பா. நான்தான் டப்பாவைக் காட்டி அவர்கிட்ட கையெழுத்து வாங்கினேன். வேலையில சேர்ந்த புதுசு, ஆள் சேர்த்துக் குடுத்தா வேலை நிரந்தரம்னாங்க.” கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளாமல் நின்றார். “ஒன்பது வருஷமா காலையில பத்து மணிக்கு அவரையும் சேர்த்துத்தான் எண்ணறேன். கதவைத் திறந்தா என்னைத் திரும்பிப் பாக்கறார் சார். கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்னு நினைச்சுக்கறார்.”

வெளியே யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

“அவரை எப்ப அனுப்பறாங்க?” என்றார் அரையங்குலம்.

“கிளைப் பட்டியலை நான்தான் எழுதணும். குழு, குழுன்னு ஒன்றரை வருஷம் இழுத்துடுவேன். போதுமா?”

“போதும்.” அரையங்குலம் எழுந்து கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார், அளவு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். “எதுலேருந்து ஆரம்பிக்கலாம்?”

முத்திரை யோசித்தார். இத்தனை வருஷத்தில் கழகத்தில் யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“கால்லேருந்து,” என்றார். “எங்கே போனாலும் அவர் வீட்டுக்கு நடந்து வந்துதான் பழக்கம்.”